மீன் தொட்டியில் உயிர்ச்செடி, அதிகம் மெனக்கெடாமல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தொட்டி. ஐம்பது லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர். குழாயில் வருவது மாநகராட்சித் தண்ணீர் அல்லது போர் தண்ணீர். மே மாதம் வந்தால் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் பல வீடுகளின் நிலைமை இதுதான். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் சிலிண்டர், குளிரூட்டி, மூட்டை மூட்டையாக விலை உயர்ந்த மண் எதுவும் இல்லாமல் இந்தத் தொட்டியில் என்ன வளரும் என்பதற்கான பதில்கள் கீழே.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாமல் செடி வளருமா?

வளரும். மீன் விடும் மூச்சிலும், மணலில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவிலும், நீர்ப்பரப்பின் வழியே காற்றிலிருந்தும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு தண்ணீருக்குள் வந்துகொண்டேதான் இருக்கிறது. மெதுவாக வளரும் செடிகளுக்கு அது போதும். தரையில் கம்பளம் போல் படரும் குட்டிச் செடி, ரத்தச் சிவப்பு இலை இதெல்லாம் வேண்டுமென்றால்தான் சிலிண்டர் பேச்சு.

இன்னொரு வழியும் உண்டு. பள்ளி ஆய்வகத்தில் ஹைட்ரில்லாவைப் புனலுக்குள் கவிழ்த்து வைத்து, சோதனைக் குழாயில் ஏறும் குமிழைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போட்டதும் குமிழ் வேகமாக வரும். ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா, ஹார்ன்வொர்ட் மூன்றும் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளக் கூடியவை. வாளியில் வெள்ளை படியும் உங்கள் கடினத் தண்ணீரில் இந்த பைகார்பனேட் தாராளமாகவே இருக்கும். போர் தண்ணீர் என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் இந்த மூன்றில் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம்.

முதன்முதலில் எந்தச் செடி வாங்குவது?

என் வரிசை இது. முதலில் வேகமாக வளரும் ஒன்று: ஹார்ன்வொர்ட், ஹைட்ரில்லா அல்லது கப்பி கிராஸ். ஹார்ன்வொர்ட்டுக்கு வேரே கிடையாது. தண்ணீரில் மிதக்க விட்டால் போதும், அது பாட்டுக்கு வளரும். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவை முதலில் உறிஞ்சுவது இந்த மாதிரி செடிகள்தான். பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருக்காது, ஊசி ஊசியாக இலை கொட்டும், ஆனாலும் முதல் இரண்டு மாதம் இது இல்லாமல் தொடங்க வேண்டாம்.

அடுத்தது பின்பக்கத்துக்கு வாலிஸ்நேரியா. நாடா மாதிரி நீள இலை. ஒரு செடியை ஊன்றினால் மணலுக்கு அடியிலேயே கொடி ஓட்டி, நாலு விரல் தள்ளி அடுத்த குட்டியை முளைக்க வைக்கும். வைத்த சில வாரங்கள் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். பிடித்துக்கொண்டால் பிறகு பிடுங்கி எறிய வேண்டியிருக்கும்.

நடுவிலும் முன்பக்கத்திலும் அனுபியாஸ். ஆப்பிரிக்கச் செடி, கனமான, தோல் போன்ற இலை. வெளிச்சம் குறைவாக இருந்தாலும் கவலைப்படாது. வெயில் காலத்தையும் தாங்கும். ஒரு இலை வர இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் குறை. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் இருக்கும்.

மரக்கட்டையில் கட்ட ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ் இரண்டும் நல்லவை. வெயில் பற்றிய கேள்வியில் அவற்றுக்கு ஒரு நிபந்தனை சொல்லியிருக்கிறேன். நிழலான மூலைக்கு கிரிப்டோகோரைன். தண்டுச் செடி ஆசை இருந்தால் ஹைக்ரோஃபிலா. நம் குளக்கரைகளில் முள்ளோடு நிற்கும் நீர்முள்ளியும் இதே பேரினம்தான். பக்கோபா மொன்னியேரி என்று கடையில் விற்கும் செடி வாய்க்கால் வரப்பில் படரும் நீர்ப்பிரம்மி. இந்த வெயிலுக்கும் இந்தத் தண்ணீருக்கும் பழகியவை இவை.

ஒரே ஒரு யோசனை: ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து வாங்காமல், இரண்டு மூன்று வகையை நிறைய வாங்குங்கள். செடி குறைவாக இருக்கும் தொட்டியைப் பாசி பிடித்துக்கொள்ளும்.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் அடியில் அழுகிப் போகின்றன. ஏன்?

மணலில் புதைத்திருப்பீர்கள். செடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைக்காம்புகள் எல்லாம் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் ஒரு தடித்த பச்சைத் தண்டிலிருந்து கிளம்பும். இஞ்சிக் கிழங்கு போல் கணு கணுவாக இருக்கும். அதற்குக் கீழே தொங்கும் மெல்லிய நார்கள்தான் வேர். வேர் மணலுக்குள் போகலாம், அந்தத் தண்டு போகக் கூடாது. புதைந்தால் பழுப்பாகி, அமுக்கினால் கொழகொழவென்று நசுங்கும், நாறும். அழுகிய பகுதியை நல்ல கணு வரைக்கும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

கல்லிலோ கட்டையிலோ நூல் சுற்றிக் கட்டுங்கள். பருத்தி நூல் சில வாரத்தில் மக்கிவிடும், அதற்குள் வேர் பிடித்திருக்கும். பொறுமை இல்லையென்றால் பெவிக்விக் ஒரு சொட்டு. அது சயனோஅக்ரிலேட் பசை. தண்ணீர் பட்டதும் இறுகிவிடும், மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஒட்டின இடம் கொஞ்ச நாள் வெள்ளையாகத் தெரியும்.

ஜாவா ஃபெர்ன் இலைக்கு அடியில் வரிசையாகக் கரும்புள்ளி வந்தால் பதற வேண்டாம், அது நோயல்ல, வித்துப் பைகள். இலை நுனியில் குட்டிச் செடியும் முளைக்கும். வேர் விட்டதும் கிள்ளி வேறு கல்லில் ஒட்டிக்கொள்ளலாம்.

கிரிப்டோகோரைன் வைத்த ஒரே வாரத்தில் இலை எல்லாம் கரைந்துவிட்டது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. இலை முதலில் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், ஓரத்தில் ஓட்டை விழும், தொட்டால் கையோடு வந்துவிடும். தண்ணீர் மாறினாலோ, வெளிச்சம் மாறினாலோ, வேரைப் பிடுங்கி இடம் மாற்றினாலோ இந்தச் செடி இப்படித்தான் கோபித்துக்கொள்ளும். மணலை லேசாக விலக்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கரைந்த இலையை மட்டும் எடுத்துவிட்டு, செடியை இருக்கும் இடத்திலேயே விடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் புது இலை வரும். அதற்குள் பிடுங்கி வேறு மூலையில் வைத்தால் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கடைகளில் அதிகம் கிடைக்கும் கிரிப்டோகோரைன் வென்டியை (wendtii) என்ற வகை இலங்கையின் சொந்தச் செடி, அங்குள்ள நிழலான ஓடைகளில் வளர்வது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் இந்தக் குடும்பத்தின் வேறு வகைகள் இருக்கின்றன. நிழல் பிடிக்கும் என்பதால் உங்கள் தொட்டியின் இருட்டு மூலையை இதற்கே கொடுத்துவிடலாம்.

மற்ற செடிகளும் வாங்கி வந்ததும் உருகுகின்றனவே?

பண்ணைகளில் பல நீர்ச்செடிகளைத் தண்ணீருக்கு வெளியே, ஈரமண்ணில், காற்றில் இலை விட்டுத்தான் வளர்க்கிறார்கள். வேகமாக வளரும், பாசி பிடிக்காது, அனுப்புவதும் எளிது. அந்த இலை காற்றுக்கென்று உருவானது. தண்ணீருக்குள் போனதும் உதவாது. செடி அதை உதிர்த்துவிட்டு மெல்லிய புது இலை விடும். ஹைக்ரோஃபிலா டிஃபார்மிஸ் இதில் பெரிய வேடதாரி: வெளியே முழு இலை, உள்ளே சீப்பு மாதிரிக் கிழிந்த இலை. அதனால் வாங்கும்போது பழைய இலையைப் பார்க்காதீர்கள். தண்டு உறுதியாக இருக்கிறதா, நுனியில் குருத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் தண்ணீருக்குள்ளேயே வைத்து விற்கிறார்கள். எல்லாமே நீர்ச்செடிதானே?

இல்லை! லக்கி பாம்பூ (மூங்கில் போல் இருப்பது), மாண்டோ புல், அடியில் ஊதா நிறம் அடிக்கும் ஹெமிகிராஃபிஸ் மூன்றும் தரைச்செடிகள். ஓரிரு மாதம் பச்சையாக நின்று ஏமாற்றும், பிறகு அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். தண்டை எடுத்ததும் விறைப்பாக நிற்கிறது, இலை மெழுகு பூசியது போல் தண்ணீர் ஒட்டாமல் இருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

மணி பிளான்ட் வேறு விஷயம். இலை முழுக்க வெளியே, வேர் மட்டும் தண்ணீரில் என்று தொட்டி ஓரத்தில் மாட்டிவிட்டால், மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும். லக்கி பாம்பூவையும் இப்படியே தலை வெளியே இருக்க வைக்கலாம்.

எவ்வளவு வெளிச்சம்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. மேலே சொன்ன செடிகளுக்கு இரண்டடித் தொட்டியில் சுமார் 1000 லூமன் போதும். மின்சாமான் கடையில் கிடைக்கும் 9 அல்லது 10 வாட் வெள்ளை எல்இடி விளக்கு அந்த அளவுதான் தரும். டப்பாவில் 6500 கே என்று போட்டிருப்பதை வாங்குங்கள். நீலமும் சிவப்புமாக மின்னும் விளக்கு அவசியமில்லை, ஓர் அடி ஆழத்துக்கு வெள்ளையே போதும்.

முதல் மாதம் தினம் ஆறு மணி நேரம். செடி பிடித்துவிட்டது என்று தெரிந்த பிறகு ஏழெட்டு மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம். ஒரு டைமர் பிளக் வாங்கிவிடுங்கள், இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிரயோஜனமான செலவு அது. விருந்தாளி வந்தால் போடுவது, தூங்கப் போகும்போது அணைப்பது என்று இருந்தால் பாசிதான் நன்றாக வளரும்.

ஜன்னல் ஓரத்து நேர் வெயில் வேண்டாம். வெளிச்சம் மட்டுமல்ல, சூடும் ஏறும்.

எந்த மணல், எவ்வளவு?

அனுபியாஸ், ஃபெர்ன், மாஸ், ஹார்ன்வொர்ட் மட்டும் என்றால் மணலே வேண்டாம். வாலிஸ்நேரியாவும் கிரிப்டோகோரைனும் வேண்டுமென்றால் இரண்டு முதல் மூன்று அங்குலம் ஆற்றுமணல், பொடியைச் சலித்து, தண்ணீர் தெளியும் வரை அலசியது. ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, கடினத் தண்ணீரை இன்னும் கடினமாக்கும். சிப்பி, பவளத்துண்டு போடாதீர்கள் என்பதற்கும் இதே காரணம்தான். வண்ணம் பூசிய கல்லைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது.

மணலுக்குக் கீழே ஓர் அங்குலம் செம்மண் போடுபவர்கள் உண்டு, செடி கொழிக்கும். ஆனால் உரம் கலக்காத மண்ணாக இருக்க வேண்டும். மாட்டு எரு, மண்புழு உரம் சேர்த்த தோட்டக் கலவையைப் போட்டால் அம்மோனியா ஏறி மீன் செத்துவிடும்.

குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர்: எது?

செடியைப் பொறுத்தவரை எது தினமும் ஒரே மாதிரி கிடைக்கிறதோ அது. மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து ஒருநாள் திறந்து வைத்தால் போய்விடும், அவசரமென்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டால் கொடுக்கும் சோடியம் தயோசல்பேட் போடலாம். போர் தண்ணீர் ரொம்பவும் கடினமாக இருந்தால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் செடிக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் ஏறக்குறைய இருக்காது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் ஊற்ற வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கும்.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். தொட்டியை மொத்தமாகக் காலி செய்து கல்லையெல்லாம் கழுவி வைக்கும் பழக்கத்தை, செடி வைத்த நாளோடு விட்டுவிட வேண்டும்.

வெயில் காலத்தில் என்ன செய்வது?

தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் ஜாவா ஃபெர்னும் மாஸும் திணறும். இலை பழுப்பாகும், மாஸ் தளர்ந்து பாசி ஏறும். வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, அனுபியாஸ், நீர்ப்பிரம்மி சமாளிக்கும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீட்டில் ஃபெர்னை ஆடி, ஆவணிக்குப் பிறகு வாங்குவது புத்திசாலித்தனம்.

மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறி அடிக்கும்படி வைத்தால் ஆவியாதலிலேயே இரண்டு மூன்று டிகிரி குறையும். கடலோரப் புழுக்கத்தில் இந்தப் பலன் கொஞ்சம் குறைவு. தண்ணீர் தினமும் இறங்கும், குளோரின் போன தண்ணீரால் நிரப்புங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். இரவில் செடியும் அதையே சுவாசிக்கும். அதனால் கோடையில் இரவு ஏர் பம்ப் ஓடட்டும். ஐஸ் கட்டி போடாதீர்கள். திடீர்க் குளிர்ச்சி மீனுக்கு ஆகாது.

உரம் போட வேண்டுமா?

மீன் இருந்தால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதன் கழிவிலேயே வந்துவிடும். குறைவது பொட்டாசியமும் இரும்பும். பழைய இலையில் ஊசி குத்தியது போல் ஓட்டை விழுந்து சுற்றி மஞ்சளானால் பொட்டாசியம் போதவில்லை. புதுக் குருத்து வெளிறி வந்தால் இரும்பு. பழைய இலை மொத்தமாக மஞ்சளானால் நைட்ரஜன். மீன் குறைவாக உள்ள தொட்டியில் இது நடக்கும். நீர்ச்செடிக்கென்று விற்கும் திரவ உரத்தைச் சொன்ன அளவில் பாதி, வாரம் ஒருமுறை. கிரிப்டோகோரைனும் வாலிஸ்நேரியாவும் வேர் வழியாகவும் நன்றாக உண்பவை, அவற்றின் அடியில் உர மாத்திரை புதைக்கலாம்.

மாடித்தோட்டத்துக்கு வாங்கிய யூரியா, டி.ஏ.பி. பக்கமே போகாதீர்கள். இரண்டும் தண்ணீரில் அம்மோனியாவைத்தான் கூட்டும்.

லிக்விட் கார்பன் என்று விற்கும் புட்டிகள் பலவற்றில் இருப்பது குளுட்டரால்டிஹைடு, கிருமிநாசினி வகை. பாசியைக் கொல்லும். வாலிஸ்நேரியாவையும் மாஸையும் சேர்த்தே கொல்லக் கூடும்.

பாசி வந்துவிட்டது!

புதுத் தொட்டியில் கண்ணாடி மேல் பழுப்புத் தூசு போல் படிந்தால் அது டயாட்டம் என்ற பழுப்புப் பாசி. விரலால் துடைத்தால் போகும், ஓரிரு மாதத்தில் தானாகவே நின்றுவிடும். தண்ணீரே பச்சையாகிவிட்டால் வெயில் படுகிறதா என்று பாருங்கள். மூன்று நாள் விளக்கை அணைத்து, போர்வை போட்டு மூடினால் பெரும்பாலும் தெளியும். அனுபியாஸ் இலையில் பச்சைப் புள்ளி ஒட்டினால் அது விளக்குக்கு நேர் கீழே இருக்கிறது, நிழலுக்கு மாற்றுங்கள். இலை ஓரத்தில் கறுப்புத் தாடி மாதிரி முளைப்பதுதான் பிடிவாதம் பிடிக்கும். அந்த இலையையே வெட்டிவிடுவது எளிது.

எல்லாவற்றுக்கும் முதல் மருந்து விளக்கு நேரத்தை இரண்டு மணி நேரம் குறைப்பது, தீனியைப் பாதியாக்குவது. அடுத்தது ஹார்ன்வொர்ட்டோ, நீர்ப்பரப்பில் மிதக்கும் சால்வினியாவோ இன்னும் ஒரு பிடி போடுவது. பாசிக்கொல்லி கடைசி. பாசி தின்னும் என்று சக்கர் மீனை விற்பார்கள். அது ஒரு அடிக்கு மேல் வளரும், செடியைப் பிடுங்கும், பெரிதான பிறகு பாசியை அதிகம் சீண்டாது.

செடியோடு நத்தை வந்துவிட்டது.

இருக்கட்டும். அழுகிய இலையையும் மிச்சத் தீனியையும்தான் தின்னும். கூட்டமாகப் பெருகினால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று பொருள். நத்தையே ஆகாது என்பவர்கள் டிஷ்யூ கல்ச்சர் கப்பில் (ஆய்வகத்தில் ஜெல்லியில் வளர்த்து மூடி விற்பது) வரும் செடியை வாங்கலாம், ஜெல்லியை நன்றாக அலசிவிட்டு நட வேண்டும்.

மீனுக்கு உடம்பு சரியில்லை. கல் உப்பும் நீல மருந்தும் போடலாமா?

செடித் தொட்டியில் வேண்டாம். மீனைத் தனி வாளிக்கு மாற்றி, அங்கே வைத்தியம் பாருங்கள். உப்பு பல செடிகளுக்கு ஆகாது, நீல மருந்தான மெத்திலீன் ப்ளூ செடியையும் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும்.

எந்த மீன் செடியை விட்டுவைக்கும்?

கப்பி, பிளாட்டி, ஃபைட்டர், சின்ன டெட்ரா, ஜீப்ரா டேனியோ. மோலி பாசியைக் கொறிக்கும், செடிக்குப் பெரிய சேதமில்லை. கோல்ட்ஃபிஷ் ஹார்ன்வொர்ட்டையும் ஹைட்ரில்லாவையும் கீரை மாதிரித் தின்னும். அதோடு வைக்க வேண்டுமென்றால் கல்லில் ஒட்டிய அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மட்டும்தான் தாக்குப்பிடிக்கும். பெரிய சிக்லிட் வகைகள் தின்னாவிட்டாலும் தோண்டிப் போடும்.

ஏரியிலும் வயலிலும் இருந்து செடி எடுத்து வரலாமா?

ஹைட்ரில்லா, நீர்ப்பிரம்மி எல்லாம் அங்கேதானே இருக்கிறது என்று தோன்றும். வயலில் பூச்சிமருந்து இருக்கும், தொட்டியில் இறால் வளர்த்தால் அதற்கு அது விஷம். ஏரியிலிருந்து அட்டையும் தட்டானின் இளம்பூச்சியும் சேர்ந்து வரும். பின்னது மீன்குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் தனி வாளியில், தண்ணீரை மாற்றி மாற்றி, இரண்டு வாரமாவது வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போன்ற இடங்களில் ஒரு கொத்து ஹைட்ரில்லா ஒன்றும் பெரிய விலை இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். ஒரு வாரம்?

டைமர் ஆறு மணி நேரம், தீனி கிடையாது. வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் பட்டினி தாங்கும். கிளம்பும் நாளில் புதிதாக எதையும் நடாதீர்கள், உரம் போடாதீர்கள். பக்கத்து வீட்டாரிடம் சாவியோடு தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். பாசத்தில் ஒரு கைப்பிடி போட்டுவிடுவார்கள்.

வெட்டிய செடியை என்ன செய்வது?

தொட்டிச் செடிக்கோ மாடித்தோட்டத்துக்கோ உரமாகப் போடுங்கள், நண்பர்களுக்குக் கொடுங்கள், வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். சாக்கடையிலோ குளத்திலோ ஏரியிலோ மட்டும் வேண்டாம். கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் ஆவளப்பாண்டி என்ற இடத்தில் 2020இல் நீரோடை முழுக்க இளஞ்சிவப்புப் பூ பூத்து, படம் எடுக்க ஊரே திரண்டது. அந்தச் செடி கபோம்பா, மீன் தொட்டிச் செடியாக விற்கப்படும் தென் அமெரிக்கச் சரக்கு. அழகாகத்தான் இருந்தது. அப்படி அடர்ந்துவிட்டால் அடியில் வெளிச்சம் போகாது, உள்ளூர்ச் செடிகளுக்கு இடமிருக்காது. பிரேசிலிலிருந்து வந்த சால்வினியா மொலெஸ்டா கேரளத்து வாய்க்கால்களையும் வயல்களையும் அடைத்துக்கொண்டது அதற்கும் முந்தைய கதை. உங்கள் தொட்டியில் மிதக்கும் சால்வினியா, ஆகாயத்தாமரை இரண்டையும் வாரம் ஒருமுறை பாதி அள்ளிக் காயவைத்துவிடுங்கள். விட்டால் கீழே இருக்கும் செடிக்கும் வெளிச்சம் கிடைக்காது.